தேய்க்கத் தேய்க்க மஞ்சளான பற்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பற்களை வெண்மையாக்கிக்கொள்ள வேண்டும் என்று பல் மருத்துவரைத் தேடி வருபவர்களில் பலர், அதற்கு முன்பே வீட்டில் எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அப்படிச் செய்தவற்றால் வெண்மை கிடைக்காதது மட்டும் பிரச்சினையாக இருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. வெண்மைக்காகச் செய்த வேலையே மஞ்சள் நிறத்தைக் கூட்டியது எப்படி, அந்த நிலையிலிருந்து, பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலுக்கு மேலும் சேதம் வராமல் எந்த அளவு வெண்மையை மீட்க முடிந்தது என்பதைப் பதிவு செய்வதே இதன் நோக்கம். நோயாளியின் அடையாளம் தெரியாதவாறு தனிப்பட்ட விவரங்கள் விலக்கப்பட்டுள்ளன.

புகாரும் பின்னணியும்

நோயாளி 29 வயதுப் பெண். மேல் முன்பற்கள் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன, குளிர்ந்த நீர் பட்டால் தாங்க முடியாத பற்கூச்சம் இருக்கிறது என்பவை அவருடைய இரு புகார்கள். "வெள்ளையாகணும்னுதானே டாக்டர் தேய்ச்சேன், ஏன் இப்படி மஞ்சளாயிட்டே போகுது?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. இந்தச் சிகிச்சை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலைச் சார்ந்தே அமைந்தது.

சில மாதங்களாக, எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து வாரத்தில் இரண்டு மூன்று முறை பற்களில் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, உடனே கடினமான தூரிகையால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். மற்ற நாட்களில் கரிப்பொடி. தொடக்கத்தில் பற்கள் பளிச்சென்று வெளுத்ததாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு நிறம் மங்கவே, பூச்சு போதவில்லை என்று எண்ணி அதை அடிக்கடி செய்யத் தொடங்கியிருக்கிறார். கூச்சம் வந்த பிறகும், அழுக்கு நீங்குவதன் அறிகுறி என்று அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி, புளிப்பான பானங்களைத் தொடர்ந்து அருந்தும் பழக்கம் ஆகியவை குறித்துத் தனித்தனியே கேட்கப்பட்டது, எதுவும் இல்லை. இதைக் கேட்காமல் விட்டுவிட்டால், வயிற்று அமிலத்தால் அரிக்கப்பட்ட பல்லையும் வெறும் வீட்டு வைத்தியத்தின் விளைவு என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. வளரும் பற்களின் நிறத்தை உள்ளிருந்தே மாற்றக்கூடிய டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் சிறுவயதில் எடுத்துக்கொண்ட வரலாறும் இல்லை. புகைப்பழக்கம் இல்லை, காபி மட்டும் நாளுக்குப் பல முறை. பள்ளிப் பருவத்தில் கீழே விழுந்து மேல் இடது நடுப்பல்லின் முனை உடைந்ததாகவும், அப்போதே அதற்கு ஃபில்லிங் செய்யப்பட்டதாகவும் கூறினார். அந்த அடி பக்கத்துப் பல்லிலும் பட்டிருக்கலாம் என்று அன்று யாரும் கருதியதாகத் தெரியவில்லை.

பரிசோதனையில் கண்டவை

நிறத்தைக் குறிப்பதைத்தான் முதலில் செய்தோம். பல்லைக் காற்றால் உலர்த்திய பிறகோ வாயை நெடுநேரம் திறந்து வைத்திருந்த பிறகோ நிறம் பார்த்தால், ஈரம் இழந்த எனாமல் உண்மையைவிட வெளுப்பாகக் காட்டும். ஆகவே எச்சிலின் ஈரம் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில், பல் நிறங்களை ஒப்பிட்டுக் குறிக்க உதவும் விட்டா ஷேட் கைடின் மாதிரித் துண்டைப் பல்லுக்கு அருகில் பிடித்து, இரண்டும் ஒரே படத்தில் வரும்படி ஒளிப்படம் எடுக்கப்பட்டது. வெட்டுப்பற்கள் ஏ3.5, கோரைப்பற்கள் ஏ4 (ஏ வரிசையில் எண் கூடக் கூட நிறம் அடர்த்தி). மேல் இடது பக்கவாட்டு வெட்டுப்பல் மட்டும் எந்தத் துண்டோடும் ஒத்துப்போகவில்லை. மற்றவை மஞ்சளாக இருக்க, அது சாம்பல் படிந்திருந்தது.

அதன் பின்னரே பற்கள் உலர்த்தப்பட்டு உருப்பெருக்கியின் கீழ் பார்க்கப்பட்டன. இளம் வயதினரின் முன்பற்களில், ஒளியைப் பக்கவாட்டில் விழச் செய்தால், குறுக்காக ஓடும் மிக நுண்ணிய வரிகள் தெரியும். எனாமல் அடுக்கடுக்காக உருவானதன் தடங்கள் அவை. வயது ஏற ஏற மெல்லத் தேய்ந்து மறைபவை. இவருடைய மேல் முன்பற்களில் அந்த வரிகள் அறவே இல்லை. பல்லின் முகப்பு மழுமழுவென்று, மெழுகு பூசியது போன்ற மங்கிய பளபளப்புடன் இருந்தது. வெட்டும் முனைகள் மெலிந்து ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தன. ஈறோரத்தில் மஞ்சள் பட்டை ஒன்று எல்லாப் பற்களிலும் தெரிந்தது. கோரைப்பற்களிலும் அவற்றை அடுத்த முன்கடைவாய்ப் பற்களிலும் ஈறை ஒட்டி ஆப்பு வடிவப் பள்ளங்கள் விழுந்திருந்தன. இடது பக்கத்தில் அவை கூடுதல் ஆழம். வலக்கையால் அழுத்தித் தேய்ப்பவர்களிடம் இடப்பக்கம் அதிகமாகத் தேய்வது வழக்கமாகக் காணப்படுவதே.

பழைய ஃபில்லிங்கின் விளிம்பைச் சுற்றியும் ஈறின் இடுக்கிலும் கரித்துகள்கள் கருப்புக் கோடாகத் தங்கியிருந்தன. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் பற்காரையும் (இறுகிப்போன படிவு) காபிக் கறையும் இருந்தன. சாம்பல் நிறப் பல் குளிர்ச்சிச் சோதனைக்கு எந்த உணர்வும் காட்டவில்லை; எக்ஸ்ரேயில் அதன் வேர் நுனியைச் சுற்றிக் கருநிழல் தெரிந்தது. பற்கூழ், அதாவது பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள திசு, பல காலத்துக்கு முன்பே இறந்து, அடியில் தொற்று உருவாகியிருக்கிறது. இதற்கு வலி இல்லாததால் நோயாளிக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. ஒரு வெண்மையாக்கும் கிட்டை வாங்கிப் பயன்படுத்தியிருந்தால், மற்ற பற்கள் வெளுத்து இந்தப் பல் மேலும் கருத்துத் தெரிந்திருக்குமே தவிர, வேர் நுனியில் இருந்த நோயை எதுவும் காட்டிக்கொடுத்திருக்காது. வெண்மையாக்கலுக்கு முன் பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

ஆக, நோயாளி ஒரே மஞ்சள் என்று நினைத்துவந்தது உண்மையில் மூன்று தனித்தனி நிறமாற்றங்கள். மேற்பரப்பில் படிந்த கறை ஒன்று. எனாமல் மெலிந்ததால் வெளிப்பட்ட உள்நிறம் மற்றொன்று. இறந்த பல்லின் உள்ளிருந்து வந்த சாம்பல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

வெண்மை எப்படி மஞ்சளானது

எனாமல், எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணுக்கள் இல்லை. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், இழந்த எனாமலை உடலால் மீண்டும் உருவாக்க முடியாது. எச்சிலும் ஃபுளோரைடும் மென்மையாகிவிட்ட பரப்பை மறுபடி இறுக்கும். உதிர்ந்துபோனதைத் திருப்பித் தராது. கடைவாய்ப் பல்லின் மேடுகளில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும் இந்த அடுக்கு, ஈறை நெருங்க நெருங்க மெலிந்து கத்தி முனையாக முடிகிறது. அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள் நிறம் கொண்டது. சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர உதிரச் செங்கல் தெரிவதைப் போல, எனாமல் குறையக் குறைய டென்டினின் மஞ்சள் வெளியே தெரியும். இவர் தேய்த்தது அழுக்கை அல்ல, மஞ்சளை மறைத்துக்கொண்டிருந்த திரையை.

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 முதல் 2.5 வரை. எனாமலின் படிகங்கள் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலச் செறிவு பத்து மடங்கு ஏறும் என்பதால், மூன்று எண் இறங்குவது ஆயிரம் மடங்கு ஏற்றத்துக்குச் சமம். மேலும் சிட்ரிக் அமிலத்துக்கு இரட்டைத் தீங்கு உண்டு: அமிலமாக எனாமலைக் கரைப்பதோடு, அதன் சிட்ரேட் பகுதி கால்சியத்தைப் பற்றிக்கொண்டு போகவும் செய்யும். சோடாவைச் சேர்த்தால் எழும் நுரை சுத்தம் செய்வதாகப் பலர் நம்புகிறார்கள். அது அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும்போது வெளியேறும் கரியமில வாயு மட்டுமே. சாறு கூடுதலாக இருந்தால் முறிக்கப்படாத அமிலம் பல்லின் மேல் அப்படியே நிற்கும்.

சமையல் சோடாவின் மேல் பழியைப் போடுவது நியாயமாகாது. தனியாகப் பார்த்தால் அது பற்பசையில் சேர்க்கப்படும் உராய்வுப் பொருட்களில் மிக மென்மையானவற்றுள் ஒன்று. காரத்தன்மை உடையதால் எனாமலைக் கரைப்பதும் இல்லை. இங்கே கேடு செய்தது அமிலமும், அமிலத்தில் மென்மையான பரப்பை அது இறுகுவதற்குள் கடினத் தூரிகையால் வழித்தெடுத்ததும்தான். அமிலம் பட்டால் எனாமலின் மேல் சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பகுதி இளகுகிறது. அதைச் சீண்டாமல் விட்டால் எச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனிமத்தைத் திரும்ப ஊட்டும். புளிப்பானதைச் சாப்பிட்ட பின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பல் துலக்கக் கூடாது என்று சொல்லப்படுவது இதனால்தான். இந்த நோயாளி வாரத்தில் பல முறை செய்தது அதற்கு நேர் எதிர்.

அப்படியானால் முதல் சில வாரங்கள் பற்கள் வெளுத்தது ஏன்? ஃபில்லிங் ஒட்டுவதற்காக ஃபாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி உலர்த்தும் ஒவ்வொரு முறையும் பல் மருத்துவர் இதைக் கண்ணால் காண்கிறார்: எனாமல் பளபளப்பை இழந்து, உறைபனி படிந்த கண்ணாடி போல் வெள்ளையாகத் தெரியும். பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் அது. வீட்டில் எலுமிச்சை தடவியவருக்கும் முதலில் கிடைத்தது அரிப்பின் வெண்மை. கறையும் சற்று நீங்கியிருக்கும் என்பதால் ஏமாற்றம் இன்னும் நம்பும்படியாக அமைந்துவிட்டது. அந்தச் சொரசொரப்பில் காபிக் கறை முன்னைவிட எளிதாகப் பிடித்தது; மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று.

கரிப்பொடியைப் பற்றி: அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் வெளியான திறனாய்வு ஒன்று, கரி கலந்த பற்பொடிகளின் பயனுக்கோ பாதுகாப்புக்கோ போதிய சான்று இல்லை என்று முடிவு சொன்னது. துகளின் கரடுமுரடு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், எது மென்மையானது என்று வாங்குபவரால் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

வெண்மையாக்கலுக்கு முன் செய்தவை

வந்த அன்றே வெண்மையாக்கலைத் தொடங்க வேண்டும் என்பது நோயாளியின் விருப்பம். கூச்சம் உள்ள பல்லில், வெளுக்கச் செய்யும் வேதிப்பொருளான பெராக்சைடை வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. எலுமிச்சை, கரி, கடினத் தூரிகை மூன்றும் நிறுத்தப்பட்டன. பற்காரையும் மேற்பரப்புக் கறையும் ஸ்கேலிங் மூலம் நீக்கப்பட்டன. எனாமல் மெலிந்த முகப்புகளில் கரடான பாலிஷ் பசை பயன்படுத்தப்படவில்லை. இதிலேயே கீழ்ப்பற்களின் நிறம் கண்ணுக்குத் தெரியும்படி மாறியது.

இறந்த பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யப்பட்டது. 1450 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள, உராய்வு குறைந்த பற்பசையையும் மென்மையான தூரிகையையும் பயன்படுத்தி, துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு வாயை நீரால் கொப்பளிக்காமல் விடும்படி சொல்லப்பட்டது. கூசும் பரப்புகளில் 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசப்பட்டது. ஈறோரப் பள்ளங்களில் டென்டின் திறந்து கிடந்தது. அதன் நுண்குழாய்கள் வழியே பெராக்சைடு நேராகப் பற்கூழை எட்டும் என்பதால், அந்தப் பள்ளங்கள் கிளாஸ் அயனோமர் என்ற பல் நிரப்பும் சிமெண்டால் தற்காலிகமாக மூடப்பட்டன. நிரந்தர ஃபில்லிங்குக்கு இது சமயமல்ல. ஃபில்லிங்கும் கேப்பும் ப்ளீச்சில் வெளுப்பதில்லை, ஆகவே இப்போதைய நிறத்துக்குப் பொருத்திச் செய்தால் பிறகு மாற்றியே ஆகவேண்டும். குளிர்ந்த நீரைக் குடிக்கும் அளவுக்குக் கூச்சம் அடங்கும்வரை, சில வாரங்கள் வேறெதுவும் செய்யாமல் காத்திருந்தோம். நோயாளிக்கு மிகக் கடினமாக இருந்த கட்டம் இதுதான். கைவிடாமல் அவர் ஒத்துழைத்ததை இங்கே குறிப்பிட வேண்டும்.

தேர்ந்தெடுத்த முறை

10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல், நோயாளியின் பல் அளவுக்கே செய்து பற்களின் மேல் மாட்டும் ட்ரே, வீட்டில் பயன்பாடு, மருத்துவரின் கண்காணிப்பு என்ற முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர், ஈறுப் புண்ணுக்காகக் கொடுத்த இந்த மருந்து பற்களையும் வெளுக்கச் செய்வதைக் கவனித்தார். ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989இல் இதை முறையான சிகிச்சையாக எழுதி வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. நீண்ட காலமாகக் கவனிக்கப்பட்டுவரும் முறை என்பதே இதன் மீதான என் நம்பிக்கைக்கு முதல் காரணம்.

10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு வாயில் சிதைந்து ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் யூரியாவையும் தருகிறது. பெராக்சைடின் சிறிய மூலக்கூறு எனாமலை ஊடுருவிச் சென்று, டென்டினில் உள்ள நிறமிகளின் நீண்ட வேதிப் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் நிறமற்றவை. எனாமலைச் சுரண்டாமல் உள்நிறத்தை மாற்றும் வழி இது ஒன்றுதான். எனாமல் ஏற்கெனவே மெலிந்துவிட்ட ஒருவருக்கு இதனால் பயன் உண்டு என்று கருதியதும் அதனால்தான்: வெளியே தெரியும் டென்டினையே வெளுக்கச் செய்யலாம். யூரியா சிதைந்து அம்மோனியா தருவதால் ஜெல்லின் பி.எச். கூடுகிறது. எனினும் எல்லா ஜெல்லும் ஒன்றல்ல. கெடாமல் இருப்பதற்காக அமிலத்தன்மையோடு தயாரிக்கப்படுபவையும் உண்டு. நடுநிலை பி.எச். கொண்ட, கூச்சத்தைத் தணிக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கலந்த ஜெல்லைத் தேர்ந்தோம்.

செறிவு கூடிய ஜெல்லையும் ஒளி விளக்கையும் தவிர்த்தோம். விளக்கால் இறுதி வெண்மை கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வாயைத் திறந்தே வைத்திருந்து பல் உலர்வதால் அன்று மாலை தெரியும் பளிச்சிடலில் ஒரு பகுதி, எச்சில் ஊறியதும் மறைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உத்தரவு, 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருட்களைப் பல் மருத்துவர் வழியாகவே தர வேண்டும், முதல் பயன்பாடு மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கூடாது என்று வரையறுத்திருப்பதும் எச்சரிக்கையின் தேவையைக் காட்டுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பொதுவாக இந்தச் சிகிச்சை தள்ளிவைக்கப்படுகிறது.

ட்ரேயின் விளிம்பு ஈறில் ஏறாமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டோடு நறுக்கப்பட்டது. ஒவ்வொரு பல்லின் முகப்புக்கும் ஒரு சிறு துளி ஜெல் போதும். பொருத்தியதும் பிதுங்கி வருவதை விரலாலோ மென்மையான தூரிகையாலோ துடைத்துவிட வேண்டும் என்று கண்ணாடி முன் வைத்துப் பழக்கப்பட்டது. ஜெல் ஈறில் தங்கினால் வெண்மையாக வெந்து எரியும். இந்த ஜெல் வாயில் இரண்டு மணி நேரம் ஆன பிறகும் பாதிக்கு மேல் வீரியத்துடன் இருக்கும் என்பதால் இரவு முழுவதும் அணிவது வழக்கம். இந்த நோயாளிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் மட்டும் என்று தொடங்கினோம்.

முதல் வாரத்திலேயே இரு பற்களில் சுருக்கென்று குத்தும் கூச்சம் வந்தது. பெராக்சைடு பற்கூழை எட்டுவதால் வரும் தற்காலிக எரிச்சல் அது. எனாமல் கரைவதன் அடையாளம் அல்ல. ஜெல்லைச் சில நாட்கள் நிறுத்தி, 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையை அதே ட்ரேயில் இட்டுப் பத்து முதல் முப்பது நிமிடம் அணியச் சொன்னதில் கூச்சம் தணிந்தது. பிறகு சிகிச்சை தடையின்றித் தொடர்ந்தது.

விளைவு

ஏறக்குறைய ஐந்து வாரத்தில் வெட்டுப்பற்கள் ஏ3.5இலிருந்து ஏ2க்கும், கோரைப்பற்கள் ஏ4இலிருந்து ஏ3க்கும் வந்தன. கோரைப்பற்கள் யாருக்கும் சற்று மஞ்சள் கூடியவையே என்பதும், ஈறோரப் பட்டை மற்ற பகுதி அளவுக்கு வெளுக்காது என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால் ஏமாற்றம் எழவில்லை. அடுத்து, வேர் சிகிச்சை முடிந்த பல்லின் உள்ளே, வேரை நிரப்பிய பொருளின் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் கிளாஸ் அயனோமரால் தடுப்பு அமைத்து, நீரில் குழைத்த சோடியம் பெர்போரேட் என்ற வெளுக்கும் தூள் வைத்து மூடப்பட்டது. வாரம் ஒருமுறை அது மாற்றப்பட்டது. நிறம் பக்கத்துப் பல்லை நெருங்கியதும் நிறுத்தப்பட்டது. விரைவாக வெளுக்க 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெப்பத்தையும் பயன்படுத்தும் பழைய வழக்கம், ஈறின் கீழ் வேரை வெளிப்புறமிருந்து அரிக்கும் நோய்க்கு இட்டுச்செல்லக் கூடியது என்பதால் விலக்கப்பட்டது.

ப்ளீச் முடிந்ததும் எனாமலில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன், பல் நிற ஃபில்லிங் பொருளான காம்போசிட் சரியாக இறுகிப் பிடிப்பதைத் தடுக்கும். எனவே இரண்டு வாரம் இடைவெளி விட்டோம். அதற்குள் நிறமும் நிலைபெற்றது. அதன் பின்னர் நடுப்பல்லின் பழைய ஃபில்லிங்கும் ஈறோரப் பள்ளங்களின் தற்காலிக நிரப்பலும் புதிய நிறத்துக்குப் பொருத்தமான காம்போசிட்டால் மாற்றப்பட்டன. ஈறோர மஞ்சளின் பெரும்பகுதியை மறைத்தது இதுதான். ப்ளீச்சால் மட்டும் அது ஆகியிருக்காது.

ஆறு மாதத் தொடர் பரிசோதனையில் வெட்டுப்பற்களின் நிறம் மாறவில்லை. கோரைப்பற்கள் சற்றே மங்கியிருந்தன. பற்கூச்சம் இல்லை. அதே கோணத்தில் எடுத்த உருப்பெருக்கப் படங்களை ஒப்பிட்டபோது பள்ளங்கள் ஆழமாகவில்லை, முனைகள் மேலும் மெலியவில்லை. மறைந்த நுண்வரிகள் திரும்பவும் இல்லை. திரும்பப் போவதும் இல்லை என்பது நோயாளிக்கு விளக்கப்பட்டது. இன்னும் வெண்மை வேண்டும், செறிவு கூடிய ஜெல்லை ஒரே அமர்வில் வைக்கலாமா என்று அவர் கேட்டார். மென்மையான ஜெல் நாட்கள் எடுத்துத் தரும் வெண்மையைச் செறிவான ஜெல் வேகமாகத் தருமே தவிர அதிகமாகத் தருவதில்லை, கூச்சம்தான் அதிகமாகும் என்று கூறி மறுத்துவிட்டோம். நிறம் கண்ணுக்குத் தெரியும்படி மங்கினால் மட்டும் அதே ட்ரேயை ஓரிரு இரவுகள் அணிவது என்றும், பக்கவாட்டுப் பல்லுக்கு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்து வேர் நுனி ஆறுவதையும் ஈறோரத்தில் அரிப்பு தொடங்கவில்லை என்பதையும் உறுதி செய்வது என்றும் முடிவாயிற்று.